ஆங்கிலம் ஓடாத அம்மா பள்ளிக்கூடத்தில் என்ன கேட்கலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் இருந்து கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதமான ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். மகன் கிரேட் 2 படிக்கிறான். கணவருக்கு வேர்ஹவுஸில் இரவு வேலை. நவம்பரில் நடந்த பெற்றோர்-ரீச்சர் இன்டர்வியூவில் ரீச்சர் சிரித்துக்கொண்டே 'நல்லா இருக்கிறார்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வீட்டில் தமிழ் கதைப்பதை நிற்பாட்டுங்கள், ரியூசனுக்கு விடுங்கள் என்று பக்கத்து அப்பார்ட்மென்டில் சொல்கிறார்கள். "எனக்கு இங்கிலிஷ் ஓடாது அக்கா. பள்ளிக்கூட விசயத்தில நான் என்ன செய்யலாம்?"

தங்கச்சி, தமிழை நிற்பாட்டாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலை நீங்கள் வாசித்து முடிக்க முதல் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு தடவை வந்து சொல்லிவிட்டுப் போய்விடுவார். ரியூசனும் இப்போதைக்கு வேண்டாம். காரணங்களைப் பிறகு சொல்கிறேன்.

நான் ரீச்சர் இல்லை. ஸ்காபரோவில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து எடுத்தேன். அதற்குப் பிறகு பதினொரு வருடம் இந்த இன்டர்வியூக்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய் வந்தேன். ஒரு சின்ன மேசை, அதற்கு அந்தப் பக்கம் ரீச்சர், இந்தப் பக்கம் எங்கட ஆட்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் என்ன நினைக்கிறார் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது, நடுவில் இருக்கிற எனக்குத் தெரியும். அப்படி ஒரு வேலை.

நான் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி இது. ரீச்சர் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பார். "ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று கேட்பார். அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, "இல்லை ரீச்சர், தாங்க் யூ" என்று எழும்பிவிடுவார்கள். கதவைத் தாண்டி வெளியே வந்ததும் தொடங்கும்: "அவன் மற்றப் பிள்ளைகளை விடப் பின்னுக்கோ? ஏன் அவ சிரிச்சுக்கொண்டே இருந்தவ? இந்த பி என்றது பாஸா, பெயிலா? அவனுக்குச் சிநேகிதர் யாராவது இருக்கினமோ?" எல்லாக் கேள்வியும் நல்ல கேள்வி. எல்லாவற்றையும் என்னிடம், கொறிடோரில் வைத்துக் கேட்பார்கள். உள்ளே ரீச்சர் என்னிடம் சொல்வது: "நல்ல குடும்பம். ஆனால் ஒருபோதும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்."

ஊரில் இது மரியாதை. பிள்ளையை ரீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரியுங்கோ சேர்' என்று சொல்லிவிட்டு வருவதுதான் நல்ல பெற்றோர் என்பதற்கு அடையாளம். கேள்வி கேட்டால் ரீச்சரைச் சந்தேகப்படுவது போல இருக்கும். அதிபர் கூப்பிட்டு அனுப்பினால் பிள்ளை ஏதோ குழப்படி செய்துவிட்டான் என்று அர்த்தம். கொப்பி, சப்பாத்து, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் பின்னேர வகுப்பு, இவ்வளவும் வீட்டின் பொறுப்பு. மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்தின் பொறுப்பு. இங்கே அந்த மௌனத்தையே வேறு மாதிரி வாசிக்கிறார்கள். கேட்காத பெற்றோர் அக்கறை இல்லாதவர், அல்லது பாவம், நேரமில்லாதவர். யாரும் கெட்ட மனத்தோடு அப்படி நினைப்பதில்லை. எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில் கிரேட் 1 முதல் 3 வரை ஒரு வகுப்பில் 23 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறை இருக்கிறது. ஆனால் அந்த 23 பேரிலும் யாருடைய அம்மா போன கிழமை கேட்டாரோ அந்தப் பிள்ளையைத்தான் இந்தக் கிழமை ரீச்சர் கூடக் கவனிப்பார். மனுச இயல்பு.

ஆக, பள்ளிக்கூட விசயத்தில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை கேட்பது. அதைத் தமிழிலேயே கேட்கலாம்.

இன்டர்வியூவுக்கு இரண்டு கிழமைக்கு முதல் ஒஃபிசுக்குப் போய் "தமிழ் இன்டர்பிரிட்டர்" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ரொறன்ரோப் பக்கத்துக் கல்விச்சபைகள் காசு வாங்காமல் ஒழுங்கு செய்து கொடுக்கும். ஸ்காபரோவில் தமிழுக்கு ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. நவம்பரில் யார் மொழிபெயர்த்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மகன்தான் என்றால், இனிமேல் வேண்டாம். ஒரு பெடியன், வயது பத்து இருக்கும், நான் வந்து சேர முதல் தானே மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டான். வீட்டுப்பாடம் ஒன்றும் வருவதில்லை என்று ரீச்சர் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறார். பெடியன் தாயைப் பார்த்து, "வீட்டுப்பாடம் கொஞ்சம் கூடிப்போச்சாம், குறைக்கப் போறாவாம்" என்கிறான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொய் சொல்லாத நல்ல பிள்ளைக்கும் அது பாரம்தான். தன்னைப் பற்றிய குறையைத் தானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு பிள்ளையை வைக்கக்கூடாது.

இன்டர்வியூ வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. ரீச்சருக்கு மெயில் போடலாம். தமிழில் சின்னச் சின்ன வசனமாக எழுதி, போனில் மொழிபெயர்த்து அனுப்புங்கள். நாங்கள் வழக்கமாக எழுதுகிற நீண்ட வசனத்தை மெஷின் குழப்பிவிடும். 'என் மகன் வீட்டில் நிறையக் கதைப்பான். வகுப்பில் கதைப்பானா? யாரோடு விளையாடுகிறான்? வீட்டில் நான் என்ன செய்யலாம்?' இந்த அளவு போதும். இலக்கணப் பிழை பார்க்கிற ரீச்சரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, என்ன கேட்பது? 'எப்படிப் படிக்கிறான்?' என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு வருகிற பதில்தான் 'நல்லா இருக்கிறார்'. அது ஒரு முகமன். இங்கே ரீச்சர்மார் பிள்ளையின் நல்லதை முதலில் சொல்லப் பழகியவர்கள். குறையை 'அடுத்த படி' என்று பெயர் மாற்றித்தான் சொல்வார்கள். 'என் மகன் எழுதிய ஒன்றையும், கிரேட் 2 பிள்ளை எழுத வேண்டிய மாதிரி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். இரண்டு தாளைப் பார்த்தால் மொழிபெயர்ப்பாளர் கூடத் தேவையில்லை, உங்களுக்கே விளங்கும்.

இன்னொன்றும் கேட்கலாம். 2022இல் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, இங்கே பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுக்கிற முறை சரியில்லை என்று ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு பாடத்திட்டத்தை மாற்றினார்கள். 2023-24 முதல் சீனியர் கிண்டர்கார்டன், கிரேட் 1, கிரேட் 2 பிள்ளைகளுக்கு ஆரம்ப வாசிப்புச் சோதனை ஒன்றும் வைக்கிறார்கள். உங்கள் மகன் அந்த வயதுக்குள் வருகிறான். 'அந்தச் சோதனை வைத்தீர்களா, முடிவு என்ன?' என்று கேளுங்கள். ஆங்கிலத்துக்குப் புதியவன் என்று இப்போதைக்கு விட்டிருக்கவும் கூடும். அப்படியானால் எப்போது வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

பெப்ரவரியில் ரிப்போர்ட் கார்ட் வரும். அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எங்கட ஆட்கள் இரண்டு விதமாகப் பிழையாக வாசிக்கிறார்கள். நவம்பரில் வந்தது முன்னேற்ற அறிக்கை மட்டும். அதில் எழுத்து மதிப்பெண் இல்லை. கஷ்டப்பட்டு முன்னேறுகிறார், நன்றாக முன்னேறுகிறார், மிக நன்றாக முன்னேறுகிறார் என்று மூன்று கட்டங்கள் இருக்கும், ஒன்றில் அடையாளம் போட்டிருப்பார்கள். பெப்ரவரியிலும் ஜூனிலும் வருவதில்தான் ஏ, பி, சி, டி. பி என்றால் மாகாணம் அந்த வகுப்புக்கு எதிர்பார்க்கிற மட்டத்தில் பிள்ளை நிற்கிறான் என்று அர்த்தம். பி கண்டவுடன் பிள்ளைக்கு அடி போட்ட அப்பாமாரை எனக்குத் தெரியும், அநியாயம்.

மற்றப் பிழை இதற்கு நேர் எதிர். பி என்றவுடன் நிம்மதியாகக் கார்டை மடித்து வைத்துவிடுவது. பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஈ.எஸ்.எல் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் அடையாளம் போட்டிருந்தால், ஆங்கிலம் பழகுகிற பிள்ளைக்கென்று எதிர்பார்ப்பை மாற்றி அமைத்து, அந்த மாற்றிய எதிர்பார்ப்புக்குத்தான் அந்த பி. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பியும் இதுவும் ஒன்றில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எட்டு மாதப் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டி இருப்பதே தெரியாமல் மூன்று வருடம் 'பி, பி' என்று சந்தோசப்பட்டுவிட்டு, அடையாளம் எடுபட்ட வருடம் டி வந்ததும் திகைத்துப்போன குடும்பங்கள் உண்டு.

ரீச்சர் எழுதும் குறிப்பையும் ஒருக்கால் கவனியுங்கள். அந்த வசனங்கள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரித் தோன்றும். அதற்குள் நான்கு சொற்கள் மட்டும் முக்கியம். 'லிமிட்டட்' என்று இருந்தால் டி மட்டம், 'சம்' என்றால் சி, 'கன்சிடரபிள்' என்றால் பி, 'ஹை டிகிரி' என்றால் ஏ. இந்த நான்கையும் ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டி வையுங்கள். முதல் பக்கத்தில் பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனியே வேலை செய்தல், கூட்டாக வேலை செய்தல், தானே முன்வருதல், தன்னைக் கட்டுப்படுத்தல் என்று ஆறு பழக்கங்களுக்கும் மதிப்புப் போட்டிருப்பார்கள். எங்கட ஆட்கள் அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டுக் கணக்குக்குப் போய்விடுவார்கள். ரீச்சர்மாரோ அந்தப் பக்கத்தைத்தான் கூடப் பெறுமதியாக நினைக்கிறார்கள்.

இனி வாய் திறக்காத விசயம். புது மொழிக்குள் விழுந்த பிள்ளை சில மாதம் பேசாமல் இருப்பது வழக்கம். காது வேலை செய்துகொண்டிருக்கும், வாய் பிறகு வரும். விளையாட்டு மைதானத்துக்கு வேண்டிய ஆங்கிலம் ஒன்று இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தகத்துக்கு வேண்டிய ஆங்கிலம் அப்படி வராது. ஜிம் கம்மின்ஸ் என்கிற ரொறன்ரோப் பேராசிரியர், இந்த ஊருக்குப் புதிதாய் வந்த பிள்ளைகளைப் பற்றிக் கல்விச்சபையிடம் இருந்த தரவுகளையே எடுத்துத் திரும்ப ஆராய்ந்து, 1981இல் எழுதினார்: படிப்புக்குரிய ஆங்கிலத்தில் இங்கே பிறந்த பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கிறது. அதனால் இப்போதைய மௌனத்தை விட எனக்குப் பயம் கிரேட் 4இல்தான். அப்போது உங்கள் மகன் ஹொக்கியைப் பற்றி வெள்ளைக்காரப் பிள்ளை போலக் கதைப்பான். நீங்களும் ரீச்சரும் 'இனிப் பிரச்சினை இல்லை' என்று விட்டுவிடுவீர்கள். சமூகக்கல்விப் பாடத்தில் ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ள அவன் திணறிக்கொண்டிருப்பான், யாருக்கும் தெரியாது.

அந்த இடைவெளியில்தான் வீட்டுத் தமிழ் கைகொடுக்கும். ஆவியாதல், எல்லை, காரணம், நியாயம் என்று ஒரு விசயம் தமிழில் மண்டைக்குள் இருந்தால், ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் மட்டும் தேடினால் போதும். விசயமே இல்லாத பிள்ளைக்கு இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டும். நீங்கள் தமிழை நிற்பாட்டினால் அவனுக்குக் கிடைக்கப்போவது உங்களுடைய எட்டு மாத ஆங்கிலம். 'கம், ஈட், ஸ்லீப், ஹோம்வேர்க்.' கோபம் வருகிற போதும் கதை சொல்கிற போதும் அம்மாவிடம் சொல் தட்டுப்பட்டால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும் போது கதைக்க உங்களுக்கும் அவனுக்கும் ஒரு பொது மொழி வேண்டும், அதையும் யோசியுங்கள்.

வாசிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். முதலில் ஒரு கதை. 1970களின் பிற்பகுதியில் இலண்டனில் ஹாரிங்கே என்கிற பகுதியில் ஜாக் டிசார்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஒரு பரிசோதனை செய்தார்கள். தொழிலாளர் குடும்பங்கள், பல நாடுகளில் இருந்து வந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். ஒரு தொகுதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். இன்னொரு தொகுதிக்கு, அனுபவமுள்ள ஒரு ரீச்சர் பள்ளிக்கூடத்திலேயே மேலதிகமாக வாசிப்புச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. 1982இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் நன்றாக முன்னேறியிருந்தார்கள், மேலதிக ரீச்சர் கிடைத்தவர்களை விட. இத்தனைக்கும் உட்கார்ந்து கேட்ட பெற்றோரில் சிலருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. சோறு வடித்துக்கொண்டே கேட்டிருப்பார்கள்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம். புத்தகம் அவன் கையில், நீங்கள் பக்கத்தில், டிவி நிற்பாட்டி. அவன் வாசிக்கட்டும். தடக்கினால் கொஞ்சம் பொறுங்கள், திருத்த ஓடாதீர்கள். உங்களுக்குத் தெரியாதது ஒரு வகையில் நல்லதுதான். முடிந்ததும் தமிழில் கேளுங்கள்: "ஏன் அந்த நாய் ஓடினது? நீ என்றால் என்ன செய்திருப்பாய்?" அவனால் தமிழில் திருப்பிச் சொல்ல முடிந்தால் விளங்கி வாசித்திருக்கிறான். சத்தம் மட்டும் போட்டு வாசித்திருந்தால் அதுவும் உங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த இன்டர்வியூவில் ரீச்சருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு தகவல் இருக்கும்.

மிசிசாகாவில் தோர்ன்வுட் என்ற பொதுப் பள்ளிக்கூடத்தில் 2000களின் தொடக்கத்தில் இதையே இன்னொரு படி மேலே கொண்டுபோனார்கள். கிரேட் 1, 2 பிள்ளைகள் கதை எழுதி, வீட்டில் அம்மா அப்பாவோடு இருந்து தங்கள் மொழியில் அதை மாற்றி, இரண்டு மொழிப் புத்தகமாக ஆக்கினார்கள். உங்கள் மகன் எழுதுகிற நான்கு வரிக் கதைக்குக் கீழே நீங்கள் தமிழில் எழுதி, ரீச்சரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அதைச் சுவரில் ஒட்டாவிட்டால் என்னைக் கேளுங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் இருக்கிறது. ஒன்ராறியோ 1977இல் தொடங்கிய திட்டம். இப்போது சர்வதேச மொழிகள் வகுப்பு என்கிறார்கள். 25 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் கல்விச்சபை நடத்தியே ஆக வேண்டும். ஸ்காபரோவில் நீங்கள் ஆள் சேர்க்கத் தேவையில்லை, ஏற்கெனவே நடக்கிறது. ஒஃபிசில் விசாரியுங்கள்.

ரியூசனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஏழு வயதுக்கு, ஆங்கிலம் காதில் விழத் தொடங்கியிருக்கிற நேரத்தில், மாதம் நூறு நூற்றைம்பது டொலர் கொடுத்து ஒரே மாதிரிக் கணக்குத் தாள் நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நேரத்துக்கு லைப்ரரிக்குப் போங்கள். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள், கார்டுக்குக் காசில்லை, தமிழ்ப் புத்தகமும் எடுக்கலாம்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பிள்ளையின் மௌனம் மொழியால்தானா, வேறு ஏதும் இருக்கிறதா? இதை ரீச்சரால் தனியே கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு இவனுடைய ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். தமிழில் இவன் எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும். எத்தனை வயதில் பேசத் தொடங்கினான், கிளிநொச்சியில் முதலாம் ஆண்டில் எழுத்துப் பிடிபட்டதா, நடந்த ஒன்றை முதல், நடு, கடைசி என்று ஒழுங்காகச் சொல்வானா, இரண்டு விசயத்தை ஒன்றாகச் சொன்னால் மறந்துவிடுவானா, காது கேட்பதில் ஏதும் குறை இருந்ததா. தமிழில் எல்லாம் சரி என்றால் பெரும்பாலும் இது மொழியின் பிரச்சினை, காலம் எடுக்கும். தமிழிலும் தடங்கல் என்றால் பொறுத்திருக்க வேண்டாம்.

இதில் எங்கட ஆட்களுக்கு ஒரு பயம். 'மண்டை சரியில்லாத பிள்ளை என்று எழுதிப்போடுவினம்' என்று ஒளிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ஒரு சாட்டு உண்டு: 'ஆங்கிலம் வரட்டும், பிறகு பார்ப்போம்.' இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு பிள்ளையின் மூன்று வருடத்தைத் தின்றதைப் பார்த்திருக்கிறேன். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிள்ளைக்கு விசேட உதவி தேவையா என்று முடிவெடுக்கிற ஐ.பி.ஆர்.சி என்ற குழுவிடம் அனுப்பும்படி அதிபருக்கு நீங்கள் எழுத்தில் கேட்டால் அவர் அனுப்பத்தான் வேண்டும். 15 நாளுக்குள் உங்களுக்குப் பதில் அறிவித்தல் தர வேண்டும். வாயால் கேட்டால் அது காற்றோடு போகும். அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போகலாம், உங்களுக்காகக் கதைக்க ஒருவரைக் கூட்டிக்கொண்டும் போகலாம். நீட்டிய தாளில் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசித்துவிட்டுப் போடலாம்.

பள்ளிக்கூடங்களில் செட்டில்மென்ட் வேர்க்கர் என்று ஒருவர் இருப்பார், அல்லது கிழமையில் சில நாள் வந்து போவார். மத்திய அரசின் குடிவரவு அமைச்சு அவர்களுக்குக் காசு கொடுக்கிறது. புதிதாய் வந்து நிரந்தர வதிவிடம் உள்ள குடும்பத்துக்குப் பள்ளிக்கூட விசயங்களை விளங்கப்படுத்துவதுதான் அவருடைய வேலை. உங்களுக்குப் பொருந்தும். தமிழ் கதைக்கிறவர்களும் அதில் இருக்கிறார்கள்.

இடையில் ஒன்று, உங்களுக்கில்லை, உங்கள் கட்டிடத்தில் இருக்கிற யாருக்காவது உதவலாம். பேப்பர் சரியில்லை, கேஸ் முடியவில்லை என்று பயந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு, பிள்ளையோ பெற்றோரோ சட்டப்படி இங்கே இல்லை என்ற காரணத்துக்காக 18 வயதுக்குட்பட்ட ஒருவரைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது. அவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. இரவு வேலைக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வரவே முடியாது என்று நினைக்கிறோம். ஆனால் காலை எட்டே முக்காலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடக்கூடியவர் அவர்தான். பகல் வேலைக்காரரால் அது முடியாது. வேலை முடிந்து வந்து, படுக்க முதல், அந்த பத்து நிமிடம். கேட்டடியில் ரீச்சரைக் கண்டால் தலையை ஆட்டி 'குட் மோர்னிங்' சொன்னால் போதும். மகனுடைய பெயரைச் சரியாக எப்படிச் சொல்வது என்று ஒருக்கால் சொல்லிக் கொடுக்கவும் சொல்லுங்கள். எங்கட பெயரை இங்கே கடித்துக் குதறிவிடுவார்கள். பிள்ளை கூச்சத்தில் திருத்தாது, பிறகு அந்தக் குதறிய பெயரே நிலைத்துவிடும். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று விளங்காமல் சும்மா இருந்த பிள்ளையையும் கண்டிருக்கிறேன்.

கடைசியாகப் பள்ளிக்கூடக் கவுன்சில். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். அதிபருக்கு இருக்கை உண்டு, வாக்கு இல்லை. வருடத்தில் குறைந்தது நான்கு கூட்டம், யாரும் போய் இருக்கலாம். ஊரில் தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்கு இங்கே மண்டபம் எடுத்து, இராப்போசனம் வைத்து, காசு சேர்த்து அனுப்புகிறோம். நல்ல விசயம், நானும் ரிக்கெட் வாங்குகிறவள்தான். ஆனால் அந்த மேடையில் மைக் பிடிக்கிற எத்தனை பேருக்குத் தன் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக் கவுன்சில் எந்த அறையில் கூடுகிறது என்று தெரியும்?

நானும் முதல் மூன்று கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. அவர்கள் கதைக்கிற வேகத்துக்குப் பாதி விளங்கவும் இல்லை. கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். நான்காவது கூட்டத்தில் பீட்சா நாளைப் பற்றிக் கதை வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பீட்சா விற்றுக் காசு சேர்ப்பார்கள், எங்கட பிள்ளைகள் கொஞ்சப் பேர்தான் வாங்குவார்கள். ஏன் இந்தக் குடும்பங்கள் பங்கெடுப்பதில்லை என்று ஒரு அம்மா உண்மையாகவே விளங்காமல் கேட்டார். ஒரு கிழமையாய்ப் பாடமாக்கியது போல எனக்கு அந்த வசனம் எங்கிருந்தோ வந்தது. எங்கள் வீடுகளில் நிறையப் பேர் வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடுவதில்லை, நீங்கள் தருவது பெப்பரோனி என்றேன். மேசையில் ஒரு நிமிடம் சத்தமில்லை. அத்தனை வருடமாக யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதும் இல்லை. அடுத்த மாதம் பீட்சா புதன்கிழமைக்கு மாறியது. அந்த அம்மாதான் பிறகு என் மகளுக்கு நீச்சல் வகுப்பு எங்கே மலிவு என்று தேடித் தந்தவர்.